கயைக்கு மீண்டும் மீண்டும்: அநகாரிக தர்மபாலர் வரலாறு

காசி, கயை என்னும் இரு பெயர்களையும் கேளாத தமிழர் இலர். பிதிர்க்கடன் தீர்க்கக் கயைக்குச் செல்வது நம் நாட்டின் நெடுங்கால வழக்கம். ஒருமுறை சென்று அக்கடனைத் தீர்த்துவிட்டால் மறுமுறை செல்ல வேண்டுவதில்லை என்று கருதுவோர் பலர். ஆனால் அந்தப் பழம்பதிக்கும் அதனை அடுத்துள்ள புத்தகயைக்கும் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் சென்ற பெரியார் ஒருவர் உண்டு. அவர் தீர்க்க முனைந்த கடன் வேறு. சென்றபோதெல்லாம் அவர் வெறுங்கையோடு திரும்பினார். திரும்பிய பின்னரும் சென்றார். அப்பெரியார் அநகாரிக தர்மபாலர் ஆவர்.

பெங்களூரில் வாழும் நம் சகோதர சகோதரிகள் வைசாகப் பூர்ணிமையன்று காந்தி நகரிலுள்ள மகாபோதி சங்கத்திற்குச் சென்று விளக்கேற்றி வணங்குவதுண்டு. அச்சங்கத்தை 1956-ம் ஆண்டில், பகவர் பரிநிர்வாணமுற்ற 2500-ம் ஆண்டு விழாக் காலத்தில், ஆசாரிய புத்தரக்கிதர் நிறுவினார். புத்தகயைக் கோயிலின் சாயலில் எழுந்த விகாரை அங்கு நிற்பதையும் நாம் காண்கிறோம். நெடுந்தொலைவிலுள்ள கயையின் வடிவம் கன்னட நாட்டின் தலைநகரில் வந்து நிற்பானேன்? மகாபோதி என்னும் பெயர் உலகெங்கும் சங்கங்களின் பெயராக வழங்குவானேன்? இவற்றுக்கு விடை தர்மபாலரின் வாழ்க்கையில் இருக்கிறது. ஆதலின் அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்ல முற்பட்டோம்.

தர்மபாலர் 1864-ம் ஆண்டு செப்டம்பர் 17-ம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் டான் கரோலிஸ் ஹேவாவிதாரண என்பவர் மரச்சாமான் வணிகத்தில் செல்வம் ஈட்டியவர். தாயார் மல்லிகா அம்மையார் சீலம் தவறாத உபாசிகை. குழந்தைக்கு இட்ட பெயர் டேவிட் என்பது. பௌத்தர் வீட்டுப் பிள்ளைக்கு விவிலியப் பெயர் ஏன் என்று நேயர்கள் வியக்கலாம். அந்நியர் ஆட்சியில் இருந்த இலங்கையில் அதுவே அந்நாளைய வழக்கமாயிருந்தது. பிள்ளை படித்ததும் கிறிஸ்தவப் பாடசாலைகளிலேயாம். பகலில் பள்ளியில் விவிலியமும், இரவில் வீட்டில் அன்னையார் சொல்லும் திரிசரணமுமாக அவர் வளர்ந்தார்.

1883-ம் ஆண்டில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களின் ஊர்வலமொன்று தாக்கப்பட்டது. அதுகேட்டு மனம் புண்பட்ட தந்தையார் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1880-ல், கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் இலங்கைக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றிருந்தனர். வெள்ளையர் இருவர் புத்தர் திருமுன் மண்டியிட்டது கண்டு தலைநிமிர்ந்த சிறுவர்களுள் டேவிட்டும் ஒருவர். 1884-ம் ஆண்டு இறுதியில் அவர் அம்மையாருடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பாளி மொழியைக் கற்று உலக நன்மைக்கு உழைக்குமாறு அம்மையார் அவருக்கு அறிவுரை கூறினார். பின்னர் அவர் டேவிட் என்னும் பெயரைக் களைந்து தர்மபாலர் ஆனார். இல்லறத்தை ஏலாமலும் பிக்குவாகாமலும் வீடற்ற தொண்டர் என்று பொருள்படும் அநகாரிக நிலையை மேற்கொண்டார். அவர் வாழ்வில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு என்பதை நாம் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இனிப் புத்தகயையின் நிலையைப் பார்ப்போம். நிரஞ்சனா நதிக்கரையில் போதி மரத்தடியில் பகவர் மெய்யறிவு பெற்ற அவ்விடத்தை அசோக மன்னர் போற்றினார். ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கண்டு வணங்கினார். பின்னர் பௌத்தம் வட இந்தியாவில் வீழ்ந்தபோது கோயிலும் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சைவ சந்நியாசி ஒருவர் அங்கு வந்து மடம் நிறுவினார். அம்மடத் தலைவராகிய மஹந்துக்களின் வசமே காலப்போக்கில் நிலமும் கோயிலும் அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிய அரசர் மிண்டோன் பழுதுபார்க்க ஆட்களை அனுப்பினார். யாத்திரிகர் தங்க ஒரு விடுதியும் எழுந்தது. 1880 முதல் 1884 வரை அரசாங்கமே கன்னிங்ஹாம், பெக்லர் ஆகியோரைக் கொண்டு கோயிலைப் புதுப்பித்தது. கட்டடம் எழுந்தது, ஆனால் அதில் வழிபாடு செய்யப் பௌத்தர் எவரும் அங்கில்லை. ஆங்கிலக் கவிஞர் எட்வின் ஆர்னால்ட் இந்நிலையைக் கண்டு வருந்திப் பத்திரிகையில் எழுதினார். அக்கட்டுரைகள் இளைஞர் தர்மபாலரின் உள்ளத்தில் விதையாய் விழுந்தன.

1891-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவ்விதை முளைத்தது. அடையாற்றுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு, கோசென் குணரத்ன என்னும் ஜப்பானியப் பிக்குவுடன் அவர் வடநாடு சென்றார். காசியையும் சாரநாதத்தையும் கண்டபின் ஜனவரி 22-ம் நாள் புத்தகயையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. சில நாள் தங்கித் தரிசித்து ஊர் திரும்புவதே அவர் எண்ணம். ஆனால் வஜ்ராசனத்தில் நெற்றி பதிந்த அக்கணத்தில், இவ்விடத்தைக் கவனிக்கப் பிக்குகள் வரும் வரையில் இதைவிட்டு நீங்குவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். பர்மிய விடுதியின் திறவுகோலைப் பெற்று அங்கேயே தங்கினார். குளிர்காலம், அறிமுகமற்ற ஊர், கையிலிருந்த பொருளோ சிறிது.

அக்காலத்தில் கயை ஜில்லாவின் கலெக்டராயிருந்தவர் கிரியர்ஸன். இந்திய மொழிகளையெல்லாம் அளந்தாய்ந்து பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர் அவரே. கோயிலும் அதன் வருவாயும் மஹந்துக்கு உரியவை என்றும், பௌத்தர்கள் வேண்டுமாயின் அவரிடமிருந்து விலைக்கு வாங்க முயலலாம் என்றும் அவர் வாயிலாகத் தர்மபாலர் அறிந்தார். தனியொருவரால் ஆகும் காரியம் அன்று இது என்பது விளங்கிற்று. எனவே கல்கத்தா, ரங்கூன் வழியாகக் கொழும்புக்குத் திரும்பி, 1891-ம் ஆண்டு மே 31-ம் நாள் மகாபோதி சங்கத்தை நிறுவினார். ஹிக்கடுவை ஸ்ரீ சுமங்கல நாயக தேரர் தலைவரானார். பெங்களூரில் நாம் காணும் பெயரின் பிறப்பு இதுவேயாம்.

சங்கம் தோன்றி இரண்டு மாதம் நிறைவதற்குள், அதே ஜூலையில், நான்கு சிங்களப் பிக்குகளுடன் தர்மபாலர் மீண்டும் புத்தகயையில் இருந்தார். காவியுடை தரித்த சங்கத்தார் மீண்டும் அங்கே வாழத் தொடங்கினர். அக்டோபரில் இலங்கை, சீனம், ஜப்பான், சிட்டகாங் ஆகிய இடங்களிலிருந்து வந்த பௌத்தப் பிரதிநிதிகளை அவர் அங்கே கூட்டினார். கூட்டம் நன்கு நடந்தது. ஆயினும் போதி மரத்தருகே ஜப்பானியக் கொடி பறந்தது அரசாங்கத்தாருக்கு ஐயத்தை விளைவித்தது. அவ்வமயம் அப்பக்கம் வந்திருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னர் பிரதிநிதிகளைக் காண மறுத்துவிட்டார். பக்தியை அரசியல் என்று ஐயுறுவது அதிகாரத்தின் இயல்பு போலும். 1892-ல் கல்கத்தாவிலிருந்து மகாபோதி என்னும் பத்திரிகையைத் தர்மபாலர் தொடங்கினார். 1893 பிப்ரவரியில் மஹந்தின் ஆட்கள் விடுதியிலிருந்த பிக்குகளைத் தாக்கினர். தர்மபாலர் ஆல்காட்டுடன் மீண்டும் அங்குச் சென்று நிலைமையைக் கண்டார்.

அதே 1893-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோவில் உலக மதங்களின் மகாசபை கூடிற்று. விவேகானந்தர் அங்குப் பேசியதை நம்மவர் அனைவரும் அறிவர். தென்னாட்டுப் பௌத்தத்தின் சார்பில் தர்மபாலரும் அம்மேடையில் பேசினார் என்பதை அறிந்தோர் சிலரே. திரும்பும் வழியில் ஹானலூலு துறைமுகத்தில் மேரி பாஸ்டர் என்னும் செல்வச் சீமாட்டி கப்பலுக்கு வந்து அவரைக் கண்டார். ஒரு சிறு பொழுது நிகழ்ந்த சந்திப்பு அது. அதன் பயனாக அவ்வம்மையார் பின்னர்ப் பல லட்சம் ரூபாய் வழங்கிச் சங்கத்தைத் தாங்கினார்.

ஜப்பானில் பக்தர்கள் எழுநூறு ஆண்டுப் பழமையுடைய புத்தர் திருவுருவம் ஒன்றை அவருக்கு அளித்தனர். அதனைப் புத்தகயைக் கோயிலின் மேல் நிலையில் வைத்து வழிபட அவர் விழைந்தார். முதலில் தடை ஏற்பட்டது. 1895-ம் ஆண்டு பிப்ரவரி 25-ம் நாள் விடியற்காலையில், தோழர் சிலருடன் திருவுருவத்தைத் தாமே எடுத்துச் சென்று மேல் நிலையில் எழுந்தருளச் செய்தார். சிறிது நேரத்தில் மஹந்தின் ஆட்கள் திரளாக நுழைந்து அவ்வுருவத்தை அகற்றி வெளியே முற்றத்தில் வைத்துவிட்டனர். தர்மபாலர் கையோங்கவில்லை, நீதிமன்றத்தை நாடினார். கயை மாஜிஸ்திரேட் குற்றவாளிகள் என மூவரைத் தண்டித்தார். மஹந்தின் தரப்பார் மேல்முறையீடு செய்தனர். கல்கத்தா உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கிற்று. திருவுருவம் பர்மிய விடுதியிலே தங்கிற்று. பின்னர் விடுதியைப் பற்றியும் வழக்கெழுந்து, 1910-ல் அங்கிருந்தும் வெளியேற நேர்ந்தது. இருபதாண்டு முயற்சியின் முடிவில், புத்தர் ஞானம் பெற்ற ஊரில் புத்தரை வணங்குவோர்க்குச் சொந்தமாக ஒரு கூரையும் இல்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் நம்மவர் வரலாற்றையும் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். தர்மபாலர் கயை வழக்கில் உழன்ற அந்த ஆண்டுகளிலேயே, 1898-ல், பண்டிதர் க. அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. அதன் கிளை கோலார் தங்கவயலிலும் வேரூன்றியது; சுரங்கத்தில் உழைத்த தமிழர் ஓய்வு நேரத்தில் தருமம் பயின்றனர். சென்னையில் மகாபோதி சங்கப் பணியிலும் பௌத்தப் பிரசாரத்திலும் பேராசிரியர் பொ. லட்சுமி நரசுவும் ம. சிங்காரவேலரும் ஈடுபட்டனர். 1907-ல் நரசுவார் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய நூலின் பதிப்புக்குத் தர்மபாலர் முன்னுரை வழங்கினார். அதே நூலை 1948-ல் டாக்டர் அம்பேத்கர் தம் முகவுரையுடன் மீண்டும் வெளியிட்டார்.

பண்டிதர் அயோத்திதாசர் நமக்கு உணர்த்தியது யாது? நாம் புதிதாக ஒரு மதத்துக்குச் செல்பவர் அல்லேம். இழந்த வீட்டுக்குத் திரும்புபவர் என்பதே. தர்மபாலர் கயை விஷயத்தில் உலகுக்கு உணர்த்தியதும் அதுவே. ஒருவர் ஓர் ஊரின் வாயிலிலும் மற்றவர் ஒரு மக்கட்கூட்டத்தின் நினைவிலும் நின்று ஒரே கதவைத் தட்டினர் என்று சொல்லலாம்.

1910-க்குப் பின் தர்மபாலர் சோர்ந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். துன்பமோ மேலும் வந்தது. 1915-ம் ஆண்டு இலங்கைக் கலவரத்தின்போது அரசாங்கம் அவரை ஐயுற்றுக் கல்கத்தாவில் பல ஆண்டுகள் தடுத்து வைத்தது. அவருடைய தம்பி எட்மண்டு சிறையிலேயே உயிர் துறந்தார். இவ்வளவுக்கும் இடையே அவர் கல்கத்தாவில் தர்மராஜிக விகாரையை எழுப்பினார். 1920 நவம்பரில் திறக்கப்பெற்ற அவ்விகாரையில், தென்னாட்டுப் பட்டிப்புரோலு தூபியில் கிடைத்த புனித தாது வைக்கப்பெற்றது. பின்னர், பகவர் முதன்முதலில் அறவுரை பகர்ந்த சாரநாதத்தில் மூலகந்தகுடி விகாரையை எழுப்பலானார். 1922-ல் அடிக்கல் நாட்டப்பெற்ற அது 1931 நவம்பர் 11-ம் நாள் திறக்கப்பெற்றது.

சாரநாதம் கிடைத்தபின் கயையை அவர் மறந்தாரல்லர். 1922-ல் கயையிலேயே காங்கிரஸ் மகாசபை கூடியபோது கோயில் உரிமை அங்குப் பேசப்பட்டது. பின்னர் ராஜேந்திர பிரசாத் அதனை ஆராய்ந்து, இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்த குழுவொன்று நிர்வகிக்கலாம் என்று கருத்துரைத்தார். தர்மபாலர் வேண்டியது முழு உரிமை. ஆயினும் அவர் ஏற்றிய விளக்கு நாட்டுத் தலைவர்களின் மன்றம் வரை சென்று எரிந்தது.

1931 ஜூலையில் சாமணேரராகவும், 1933 ஜனவரியில் உபசம்பதை பெற்ற பிக்குவாகவும் ஆகி, தேவமித்த தம்மபாலர் என்னும் பெயர் பூண்டார். இன்னும் இருபத்தைந்து பிறவிகள் எடுத்துத் தருமத்தைப் பரப்ப வேண்டும் என்பதே அவர் கடைசி விருப்பமாயிருந்தது. நிர்வாணத்தை விழையும் பௌத்தர் மீண்டும் பிறக்க விழைவதா என்று சிலர் வினவலாம். கயைக்கு மீண்டும் மீண்டும் வந்தவர்க்குப் பூமிக்கு மீண்டும் மீண்டும் வருவதும் பாரமாகத் தோன்றவில்லை போலும். 1933 ஏப்ரல் 29-ம் நாள் சாரநாதத்தில் அவர் காலமானார். அன்று புத்தகயை மஹந்தின் கையிலேயே இருந்தது.

பெரியோரைப் போற்றுங்கால் குறைகளை மறைத்தல் பௌத்தர்க்கு அழகன்று. இலங்கையில் அந்நிய ஆட்சியை எதிர்த்த வேகத்தில், வேற்றினத்தாரையும் வேற்று மதத்தாரையும் குறித்து அவர் கடுஞ்சொற்கள் எழுதியதுண்டு. தமிழராகிய நம் உள்ளத்துக்கு அவை உவப்பன அல்ல; மைத்திரியைப் போதித்த பகவரின் நெறிக்கும் பொருந்துவன அல்ல. அச்சொற்களை நாம் கொள்ள வேண்டுவதில்லை. அவருடைய விடாமுயற்சியைக் கொள்வோம்.

அவர் மறைந்து பதினாறாண்டு கழித்து, சுதந்திர இந்தியாவில், 1949-ம் ஆண்டு புத்தகயைக் கோயில் சட்டம் பிறந்தது. 1953-ம் ஆண்டு வைசாகத் திருநாளில் கோயில் மஹந்தின் கையினின்று நீங்கி நிர்வாகக் குழுவின் வசமாயிற்று. அக்குழுவில் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர். கயை மாஜிஸ்திரேட் தலைவர். அவர் இந்துவாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி 2013-ல் நீக்கப்பெற்றது. 2002-ல் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. பௌத்தரின் கோயிலைப் பௌத்தரே முற்றும் நிர்வகிக்க வேண்டும் என்னும் கோரிக்கையோ இன்னும் ஓயவில்லை. தர்மபாலரின் கடன் பாதி தீர்ந்தது. மீதி நம் தலைமுறையின் மேல் நிற்கிறது.

இக்காலத்தில் பெங்களூரிலிருந்து இரண்டு பகலும் இரவுமாக ரயிலேறிக் கயையில் இறங்குவோர்க்கு, போதி மரத்தடியில் அமரத் தடையில்லை. திபெத்தியரும், பர்மியரும், சிங்களவரும், ஜப்பானியரும், நாகபுரியில் 1956-ல் டாக்டர் அம்பேத்கருடன் தீட்சை பெற்றோரின் மக்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து திரிசரணம் சொல்லக் கேட்கலாம். 1891-ம் ஆண்டுக் குளிரில் அவ்விடத்தில் அமர்ந்திருந்தவர் இருவர். இந்த வேறுபாடே தர்மபாலரின் வெற்றி. பட்டாவிலும் தீர்ப்பிலும் அவர் வென்றதில்லை; வருவோரின் எண்ணிக்கையில் வென்றார்.

நம் ஊர்களில் சிறு சங்கங்கள் தோன்றுகின்றன. சில ஆண்டுகளில் ஆள் குறைந்து, விளக்கு மங்கி, கதவு சாத்தப்பெறுகின்றன. மதம் மாறியவர் என்று அயலார் நகைப்பதும், உறவினர் விலகுவதும், பிள்ளைகள் கேள்வி கேட்பதும் நம்மில் பலர் அறிந்தவை. அத்தகைய நாட்களில் தர்மபாலரை நினைப்போமாக. அவர் முதல்முறை சென்றதைவிட, விரட்டப்பெற்ற பின் மறுமுறை சென்றதே பெரிது. சாத்திய கதவை மீண்டும் திறந்து ஒரு விளக்கேற்றி, வந்தவர் இருவரேயாயினும் அவர்களுடன் அமர்ந்து பஞ்சசீலம் சொல்லுதல் நம்மால் ஆகும். அவர் விட்டுச் சென்ற கடனில் நம் பங்கு அதுவே.

நமோ புத்தாய.